நிகண்டிலிருந்து கலைக்களஞ்சியம் வரை: தமிழில் பொது அறிவின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் காஜாங் வட்டாரத்தில் மாணவர்களுக்காக நடைபெற்ற பொது அறிவுப் புதிர்ப்போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். இரப்பர் மரத்தின் தாயகம் எது என்று ஒரு வினா வந்தது. பிரேசில் என்று ஒரு மாணவி நொடியும் தாமதியாமல் விடை கூறிப் புள்ளிகளைப் பெற்றாள். போட்டி முடிந்து பிள்ளைகள் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த வேளையில், அவளிடம் நான் வேறொன்று கேட்டேன். இரப்பர் மரத்தை விடியுமுன் இருட்டிலேயே சீவுகிறார்களே, அஃது ஏன்? அவளுக்குத் தெரியவில்லை, அருகில் நின்ற பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு மூதாட்டி பின்னாலிருந்து சொன்னார்: “வெயில் ஏறிட்டா மரம் பால இறக்காதுங்க ஐயா.”

அவர் கூறியது முற்றிலும் சரி. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர்கள் உறிஞ்சிய நீர் மரத்தின் உடலில் நிறைந்து நிற்கும். பட்டைக்குள் ஓடும் பாற்குழல்களில் அழுத்தம் அப்போதுதான் மிகுதி. கதிரவன் மேலேற மேலேற இலைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறும், அழுத்தம் தளரும், பாலின் ஓட்டமும் தளரும். தாவரவியல் நூல்கள் இதனைப் பல பக்கங்களில் விளக்குகின்றன. பெரட்டுக்கு இருட்டில் எழுந்து சென்ற ஒரு பெண் இதனை ஒரே வாக்கியத்தில் அறிந்திருந்தார். ஆயினும் அவருக்கு அன்று புள்ளி கொடுக்க எவரும் இல்லை. பிரேசில் என்பது ‘பொது அறிவு’ என்றும், அவருடைய விடை வெறும் அனுபவம் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள்? எவற்றையெல்லாம் அறிந்திருப்பது அறிவு என்று தமிழர் காலந்தோறும் எண்ணினர்? அந்த அறிவை எந்த நூலில், எந்த வரிசையில் சேர்த்து வைத்தனர்? இவ்வினாக்களை எழுப்பிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று நம்முன் விரிகிறது. மொழியியல் பயின்றவனாகிய நான் அதனைப் பெரும்பாலும் சொற்களின் வழியாகவே பார்க்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நிகண்டுகளை நாம் ஒருபொருட் பன்மொழித் தொகுப்புகள் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அது பாதி உண்மை. ஒன்பதாம் நூற்றாண்டளவில் தோன்றியதாகக் கருதப்பெறும் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனத் தொடங்கி, மனிதன் செய்த பொருள்கள், பண்புகள், செயல்கள், ஒலிகள் என்று உலகத்தையே அது வகுத்துக்கொண்டு போகிறது. சொல்லை முதலெழுத்தால் தேடுபவர்க்கு இந்த அமைப்பு உதவாது. உலகம் எவ்வெவற்றால் ஆனது என்று அறிய விரும்புபவர்க்கே உதவும். ஆகவே இதனை உலகப் பொருள்களின் வரைபடம் என்று கூறினாலும் பிழையில்லை.

பன்னிரண்டாம் தொகுதியின் பெயரை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: பல்பொருட்கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி. இருசுடர், முத்தமிழ், நாற்படை, ஐம்பூதம், அறுசுவை, எண்வகை மணம், நவமணி என்பன போன்ற எண்ணுத் தொகைகள் அனைத்தும் அங்கே இடம்பெறும். நாற்படை யாவை, ஒன்பது மணிகள் யாவை என்று கேட்டால் விடை கூறும் பகுதி அது. இன்றைய புதிர்ப்போட்டியின் மூதாதை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பதினாறாம் நூற்றாண்டில் சமணப் புலவர் மண்டலபுருடர் விருத்தப்பாவில் இயற்றிய சூடாமணி நிகண்டும் இதே பன்னிரு பகுப்பைப் பின்பற்றியது. விருத்தம் நாவில் நிற்கும். எனவே திண்ணைப் பள்ளிகளில் அந்நூல் பல தலைமுறைகளாக மனப்பாடம் செய்யப்பட்டது. அச்சும் காகிதமும் அருகியிருந்த காலத்தில் மாணவனின் நினைவே நூலகம்; யாப்பே அந்நூலகத்தின் அடுக்கு.

மனப்பாடத்தைப் பழிப்பது இக்காலத்து வழக்கம். நான் அதில் சேர மாட்டேன். ஆனால் மனப்பாடத்திற்கு ஏற்ற அறிவு முடிந்த முடிபாக இருந்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒன்பது மணிகளோடு பத்தாவது மணியைச் சேர்க்க விருத்தத்தில் இடமில்லை.

அடுத்த மாற்றம் வரிசையில் நிகழ்ந்தது. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் வரிசையில் நிறுத்தியது. ‘அகராதி’ என்னும் சொல்லே பின்னர் ஒரு நூல்வகையின் பெயராயிற்று. இதனைச் சிறிய மாற்றம் என்று கருதலாகாது. தெய்வத்தை முதலிலும் மரத்தை நான்காவதிலும் வைக்கும் பகுப்பில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அகர வரிசையிலோ அரசனுக்கும் அரணைக்கும் அடுத்தடுத்த இருக்கை. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாக அமைந்தது. அவற்றுள் தொகையகராதி என்பது நிகண்டின் பன்னிரண்டாம் தொகுதி அகர வரிசைக்கு மாறிய வடிவமே. பழைய பொது அறிவு அப்படியே புதிய பெட்டிக்குள் வந்து அமர்ந்தது.

இதே காலப்பகுதியைச் சேர்ந்த மற்றோர் அகராதிக்கு நம் கிள்ளான் பள்ளத்தாக்கோடு உறவு உண்டு. அந்தாம் தெ ப்ரொயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்பதிவுகள் கொண்ட அந்நூல் வழக்கொழிந்து மறைந்தே போய்விட்டதாகக் கருதப்பட்ட நிலையில், அதன் படி ஒன்றினை வத்திக்கான் நூலகத்தில் தனிநாயகம் அடிகளார் 1954இல் கண்டறிந்தார். பின்னர் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1966இல், முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்த அதே ஆண்டில், அந்த அகராதியின் நிழற்படப் பதிப்பை அத்துறையே வெளியிட்டது. பதினேழாம் நூற்றாண்டுத் தமிழின் பேச்சு வழக்குகளை அறிய விரும்பும் உலக ஆய்வாளர் எவரும் கோலாலம்பூரில் பதிப்பிக்கப்பட்ட ஒரு நூலையே கையில் எடுக்க வேண்டியதாயிற்று. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதனை நாம் சொல்வதே இல்லை.

அகராதி சொல்லுக்குப் பொருள் கூறும். பொருளைப் பற்றிய செய்திகளையும் கூறும் நூல் தமிழில் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில்தான் தோன்றியது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் அபிதானகோசத்தை வெளியிட்டார். சென்னையில் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் 1910இல் அபிதான சிந்தாமணியை வெளியிட்டார். இவ்விருவரும் ஆசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் ஒரு பெயரைச் சுட்டி ‘இவர் யார்?’ என்று கேட்கும்போது ஆசிரியருக்கு ஏற்படும் சங்கடமே இந்நூல்களின் பிறப்பிடம் என்று நான் கருதுகிறேன்.

சிங்காரவேலு முதலியார் தனியொருவராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். கைப்பிரதி முடிந்தபின் அதனை அச்சேற்றப் பொருளுதவி கிடைக்காமல் அலைந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் முன்வந்ததால் அந்நூல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதனோடு அவர் பணி முடியவில்லை. இரண்டாம் பதிப்புக்காகத் திருத்தியும் விரித்தும் எழுதிக்கொண்டே இருந்து 1931இல் மறைந்தார். 1934இல் அப்பதிப்பு ஆயிரத்து அறுநூறு பக்கங்களைத் தாண்டிய பெருநூலாக வெளிவந்தது. ஒருவர் இவ்வளவும் செய்தாரா என்று இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அந்நூலைப் புரட்டும்போது அதன் எல்லையும் தெரிகிறது. புராண மாந்தர், முனிவர், அரசர், புலவர், தலங்கள், சமயக் கொள்கைகள் இவையே பெரும்பகுதி. நிலவியல் செய்திகளும் மருந்துச் சரக்குகளும் ஆங்காங்கே உண்டு. குறிப்பாக இரண்டாம் பதிப்பில் உலகியற் செய்திகள் கூடியுள்ளன. எனினும் நீராவி எந்திரத்தைப் பற்றியோ வேதியியலைப் பற்றியோ முறையாக அறிய அது துணை செய்யாது. ஆசிரியரே அதற்குத் தமிழ் இலக்கியக் கலைக்களஞ்சியம் என்று பொருள்படும் ஆங்கிலத் துணைத்தலைப்பு இட்டிருந்தார். அவர் தம் எல்லையை அறிந்தே வேலை செய்தவர். இலக்கியம் படிப்பவனுக்கு வேண்டிய உலகம் எதுவோ அதுவே அன்று தமிழில் பொது அறிவாக இருந்தது.

அறிவியலுக்கான பாதை வேறோரிடத்தில் முன்னரே வெட்டப்பட்டிருந்தது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவ வகுப்பு முதலில் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றவர்கள் சம்பளம் மிகுந்த வேலைகளை நாடி ஊரை விட்டுப் போயினர். நோயாளிகளோ ஊரிலேயே இருந்தனர். எனவே 1864 முதல் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கடைசி நூலின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் பகுதியை எடுத்து, தமிழ் வாயில் புகும்படி ஈற்றை மாற்றி, ‘வேதாந்தம்’, ‘சித்தாந்தம்’ என்பவற்றின் பக்கத்தில் உட்காரும் ஒரு சொல்லை அவரும் அவருடைய மாணவரும் அமைத்துக்கொண்டனர். பிற்காலத்தில் அதே துறை இரசாயனம் ஆயிற்று; அதன் பின்னர் தமிழ்நாட்டில் வேதியியல் ஆயிற்று. இலங்கைத் தமிழர் இன்றும் இரசாயனவியல் என்றே எழுதுகின்றனர். ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே அறிவியலுக்கு மூன்று பெயர்கள்! சிலர் இதனைக் குழப்பம் என்பர். மூன்று தலைமுறையினர் அத்துறையைத் தமிழில் எழுத முயன்றதற்குச் சான்று என்றே நான் கொள்கிறேன். எவரும் எழுதாத துறைக்குப் பெயர்ச் சண்டை வருவதில்லை.

சொல் முதலா, நூல் முதலா என்னும் வழக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுவதும் நீடித்தது. சேலத்தில் 1916இல் தோன்றிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கலைச்சொல் ஆக்கத்தை முன்னிறுத்தியது. அதில் முன்னின்ற இராஜாஜி பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒரு நூலே எழுதிக் காட்டினார். பெ. நா. அப்புசுவாமி எந்தக் குழுவுக்கும் காத்திராமல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியற் கட்டுரைகளை எழுதிக்கொண்டே இருந்தார். சொற்பட்டியல்கள் பல அலமாரிகளில் உறங்கிப்போயின. அப்புசுவாமி போன்றோர் கட்டுரைகளில் பயன்படுத்திய சொற்களோ பாடநூல்களுக்குள் நடந்து சென்றன. என் ஐம்பதாண்டு அனுபவத்திலும் இதுவே கண்டது: தனியாக ஆக்கப்பட்ட சொல் தனியாகவே இருந்துவிடுகிறது.

இவ்விரு நீரோட்டங்களும், அதாவது சிங்காரவேலு முதலியாரின் தொகுக்கும் ஆற்றலும் அப்புசுவாமி போன்றோரின் அறிவியல் உரைநடையும், ஒன்றாகக் கலந்த இடம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம். அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் அக்கழகத்தைத் தோற்றுவித்தார். இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே கலைக்களஞ்சியத் திட்டம் உருவாயிற்று. நாடு பிரிவினையிலும் உணவுப் பற்றாக்குறையிலும் தவித்த நேரத்தில், பத்துத் தொகுதி நூலுக்குத் திட்டமிட ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது. முதன்மை ஆசிரியராக 1948இல் பொறுப்பேற்றவர் பெரியசாமித் தூரன். அவர் கவிஞர், கருநாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்பெறும் கீர்த்தனைகளை இயற்றியவர், உளவியலைத் தமிழில் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு, நாடெங்கிலுமிருந்த ஏறத்தாழ 1,200 அறிஞர்களிடம் கட்டுரை கேட்டு வாங்கி, திருத்தி, ஒரு நடைக்குக் கொண்டுவந்தார். முதல் தொகுதி 1954இல் வந்தது; ஒன்பதாம் தொகுதி 1963இல்; இணைப்பாக அமைந்த பத்தாம் தொகுதி 1968இல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 750 பக்கம்.

இதன் அளவை உணர ஓர் ஒப்பீடு உதவும். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தின் முதற்பதிப்பு 1768 முதல் 1771 வரை எடின்பரோவில் மூன்றே தொகுதிகளாக வந்தது. பிரான்சில் திதெரோ முதலியோர் தொகுத்த புகழ்பெற்ற கலைக்களஞ்சியம் 1751இல் தொடங்கிப் படத் தொகுதிகளோடு முற்றுப்பெற 1772 ஆயிற்று. அதாவது இருபதாண்டுகள். தூரனுக்கும் இருபதாண்டுகளே ஆயின. ஆனால் திதெரோவின் கட்டுரையாளர்கள் தம் துறையைப் பிரெஞ்சிலேயே சிந்தித்தவர்கள். தூரனின் அறிவியல் கட்டுரையாளர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்தில் கற்பித்தவர்கள்; தம் துறையைத் தமிழில் ஒரு பத்தியேனும் எழுதிப் பாராதவர்கள் பலர். கட்டுரை கேட்கும் கடிதம் கிடைத்தபோதுதான் அவர்கள் தமிழில் எழுத உட்கார்ந்தார்கள். பத்துத் தொகுதிகளைக் காட்டிலும் இதுவே அத்திட்டத்தின் பெரும்பயன் என்பது என் கருத்து. ஆயிரத்துக்கு மேற்பட்ட அறிவாளர்கள் ஒருமுறையேனும் தம் அறிவைத் தாய்மொழியில் எழுதிப் பார்த்தார்கள்.

தூரன் அதோடு நிற்கவில்லை. 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பெரியவர்க்கு எழுதுவதினும் குழந்தைக்கு எழுதுவது கடினம். அங்கே கலைச்சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நான் தொடக்கப்பள்ளியை முடித்துச் சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் அதன் தொகுதி ஒன்றைக் கண்டேன். வண்ணப் படங்களோடு தமிழில் அறிவியல்! ஆறாம் வகுப்போடு தமிழில் அறிவியல் கற்பது முடிந்துபோன எனக்கு, அதற்கு அப்பாலும் தமிழ் நடந்து செல்லும் என்று காட்டிய நூல் அது.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் நிறுவப்பட்டபின் வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் பல தொகுதிகளாக வெளிவந்தன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பால் 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் தொடக்கம் முதலே அதில் பெரும்பங்கு வகித்தனர். தரம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று குறை கூறுவோர் உளர். உண்மைதான். ஆனால் அபிதான சிந்தாமணியில் பிழை கண்டவர் அடுத்த பதிப்புக்கு இருபத்துநான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. போருக்கு முன் நம் பிள்ளைகள் படித்த பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தவை. காவிரியும் வைகையும் பாடத்தில் ஓடின. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் வெளியே ஓடின. விடுதலைக்குப்பின் பாடநூல்கள் இந்நாட்டிலேயே எழுதப்பட்டு அக்குறை நீங்கியது. ஆனால் அமைப்பில் ஓர் எல்லை இருந்தது, இன்றும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி என்பது தொடக்கப்பள்ளி மட்டுமே. இடைநிலையில் தமிழ் ஒரு பாடம். பிற பாடங்கள் மலாயில். ஆகவே நம் மாணவன் பன்னிரண்டு வயதுக்கு மேல் அறிவியலையோ நிலவியலையோ தமிழில் சந்திக்க வேண்டுமானால், வகுப்பறைக்கு வெளியே உள்ள நூலில்தான் சந்திக்க முடியும்.

அந்தப் பன்னிரண்டு வயதுவரையிலான காலமும் கேள்விக்குள்ளானது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளிகள் அதனை ஏற்கலாமா என்று நம் சமூகமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. இரு தரப்பிலும் பிள்ளைகளின் நலனில் அக்கறை கொண்டவர்களே இருந்தனர். அந்த வாதங்களை மீண்டும் இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. எனக்கு அன்று உறுத்தியது வேறொன்று. பாடவேளை முடிந்தபின் பிள்ளை தானாக எடுத்துப் படிக்க, இந்நாட்டின் மண்ணையும் மரத்தையும் சொல்லும் தமிழ் அறிவு நூல்கள் எத்தனை என்று இரு தரப்பாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காஜாங்கிலிருந்து சிறிது தொலைவில் பாங்கி இருக்கிறது. மருத்துவமும் அறிவியலும் உட்பட அனைத்தையும் மலாய்மொழியில் கற்பிக்கும் நோக்கோடு 1970இல் நிறுவப்பட்ட மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. 1956இல் தோன்றிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா பல்லாயிரம் கலைச்சொற்களை ஆக்கி அதற்குத் துணை நின்றது. மலாயில் முடியுமா என்று அன்று ஐயுற்றவர் பலர். மானிப்பாயில் கிரீன் எதிர்கொண்ட அதே ஐயம்தான். அரசின் கைப்பொருள் அவர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லை என்பது உண்மை. எனினும் சிங்காரவேலு முதலியாருக்கும் அரசின் கைப்பொருள் இருக்கவில்லை.

மூதாட்டியின் விடைக்குத் திரும்புகிறேன். அவருடைய அறிவு நூலேறாமல் நின்றதற்கு அவர் பயன்படுத்திய சொற்களும் ஒரு காரணம். தோட்டத்தில் இரப்பரைக் கித்தா என்பார்கள். மலாயின் ‘கெத்தா’ என்னும் சொல்லின் திரிபு. பால் வடியும் கிண்ணம் மங்கு, மலாயில் ‘மங்கோக்’. காலையில் ஆள் எண்ணிக்கை எடுக்கும் பெரட்டு, ஆங்கிலப் ‘பரேட்’. சீவிய கோட்டில் காய்ந்து ஒட்டி நிற்பது ஒட்டுப்பால். இது தூய தமிழ். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட மர வரிசை நிரை, பேச்சில் ‘நெரை’. யாப்பிலக்கணத்தில் நேர் நிரை என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அதே நிரைதான். வெட்சித் திணையில் பசுக்கூட்டமாய் வந்த சொல், நம் பாட்டிமார் வாயில் மர வரிசையாய் நின்றது. ஆய்வாளனுக்கு இவை பொன்போன்ற சான்றுகள். ஆயினும் கொச்சை என்று கருதிப் பாடநூலிலிருந்து இவற்றை நாமே நீக்கினோம். இளமையில் நானும் மாணவர் கட்டுரைகளில் ‘மங்கு’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். ‘செம்பனை’ மட்டும் தப்பித்தது. தமிழகத்தார் எண்ணெய்ப் பனை என்று எழுதுவதை நாம் இங்கே செம்பனை என்கிறோம். செய்தித்தாள்களும் பள்ளிகளும் ஏற்றுக்கொண்டதால் அது நிலைத்தது.

தோட்டங்கள் இன்று பெரும்பாலும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. கித்தாச் சொற்களை வாயில் வைத்திருப்போர் எழுபதைக் கடந்தவர்கள். அவர்களிடம் இருப்பவை வெறும் சொற்களுமல்ல; ஒவ்வொரு சொல்லோடும் ஒரு செய்முறை ஒட்டியிருக்கிறது.

இதனைக் கருதி, நம் நாட்டுக்குரிய ஒரு சிறு களஞ்சியத்தில் ஒரு பதிவு எவ்வாறு அமையலாம் என்று எழுதிப் பார்த்தேன். இங்கே தருகிறேன்.

கித்தா: இரப்பர் மரம். தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு விதைகளைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22, 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். 1890களின் நடுவில் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கின்டர்ஸ்லி சகோதரர்கள் இதனைப் பயிரிட்டனர். மலாயாவின் முதல் வணிகப் பயிரீடுகளுள் அஃது ஒன்று. பட்டையில் உள்ள பாற்குழல்கள் நேராக மேலேறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. எனவே இடப்புறம் மேலும் வலப்புறம் கீழுமாகச் சரித்துச் சீவினால் மிகுதியான குழல்கள் வெட்டுப்படும். வெட்டு ஆழமானால் உள்ளிருக்கும் வளர்படலம் காயமுற்றுப் புதுப்பட்டை சீராக வளராது. பால் எடுப்பது விடியுமுன். வெயில் ஏறினால் மரம் பால் இறக்காது. மங்கில் சேரும் பால், ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைக்கப்படும். கோட்டில் காய்ந்து நிற்பது ஒட்டுப்பால்.

இப்பதிவை, என்னிடம் முன்னர் பயின்று இப்போது தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் அதனை வகுப்பில் படித்துக் காட்டி, விடுபட்டவற்றைத் தாத்தா பாட்டியரிடம் கேட்டு வருமாறு பிள்ளைகளை அனுப்பினார். ஒரு வாரத்தில் பதினொரு சொற்கள் வந்தன. அவற்றுள் நான்கு நான் கேட்டறியாதவை. ஒரு சொல்லின் பொருள் குறித்து இரண்டு வீட்டுப் பாட்டிமார் இன்னும் உடன்படவில்லை.